பொருள்: சுடாததற்குச் சுட்டாங்கல் என்று பெயரா? (தில்லித் தமிழர் உரையாடல்; பேசுவோர் அவரவர் வட்டாரப் பெயரில்)

ஆர்.கே. புரம்: வணக்கம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் கண்காட்சித் தட்டி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மேக்னடைட் என்ற இரும்புத் தாதுத் தூளைப் பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் குழைத்தால் கலவை சூடேறி, உலையே இல்லாமல் கல்லாக இறுகிவிடும். இந்த அயர்ன் பாஸ்பேட் செராமிக்குக்குத் தமிழில் என்ன? செராமிக் என்றால் சுட்டாங்கல் என்கிறார்கள். "சுடவே இல்லையே மிஸ்" என்கிறாள் ஒருத்தி.

முனிர்கா: நல்ல கேள்வி. 'சுடுமண் ஓங்கிய நெடுநகர் வரைப்பின்' என்கிறது பெரும்பாணாற்றுப்படை. அதுவும் சூளையில் வெந்த செங்கல்தான், நமக்கு ஆகாது. 'வனைகல்' எனலாம். கிரேக்கக் கெராமோஸும் குயவர் மண்ணே. நம் கரம்பை மண்ணோடு அதற்கு உறவிருக்கும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

மயூர் விஹார்: கரம்பைக்கும் கிரேக்கத்துக்கும் கலியாணம் பிறகு பண்ணலாம் ஐயா. இதை யாரும் வனைவதில்லை, அச்சில் வார்ப்பார்கள். அமிலத்தில் கரையும் இரும்பு பாஸ்பேட்டாகி, கரையாத துகள்களை ஒட்டிப் பிடிக்கிறது. ஹேமடைட் என்ற இன்னோர் இரும்புத் தாது லேசில் கரையாது. கொஞ்சம் இரும்புத்தூள் போட்டு ஒடுக்கினால்தான் (அதன் ஆக்சிஜனைக் குறைத்தால்தான்) வழிக்கு வரும். அலுமினா ஆலைகளின் கழிவான சிவப்புச் சேற்றில் ஹேமடைட் ஏராளம் என்பதால், அதைக் கட்டுமானக் கல்லாக்க இந்த வழியைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் அருண் வாக் குழுவினர் கதிரியக்கக் கழிவைப் பூட்டி வைக்க உருவாக்கியது இதன் பங்காளி, மக்னீசியப் பாஸ்பேட் வகை. இக்குடும்பத்துக்கே 'வேதிப்பிணைப்பு' என்றுதான் அடைமொழி. ஆகவே 'பிணைகல்'.

தீஸ் ஹசாரி: கோர்ட்டில் பிழைப்பவன் சொல்கிறேன், பிணை என்றால் ஜாமீன். வேகமாகப் படித்தால் பிணக்கல். வேண்டாம் சார்.

முனிர்கா: 'பிணைக்கல்' என்று ஒற்று மிகாதோ?

மயூர் விஹார்: வினைத்தொகையில் மிகாது. டீச்சர், தட்டியில் மெஹ்ரௌலி இரும்புத் தூணையும் போடுங்கள். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். மேலே படிந்த இரும்பு ஹைட்ரஜன் பாஸ்பேட் படலம்தான் துருவைத் தடுக்கிறது என்று கான்பூர் ஐஐடி பாலசுப்பிரமணியம் விளக்கினார். அது செராமிக் அல்ல என்றும் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் முன்னோர் பெருமை கிளம்பிவிடும்.

கரோல்பாக்: 'பாசுப்பேட்டு' என்று எழுதக் கூடாதா? கிரந்தம் எதற்கு?

ஆர்.கே. புரம்: பரீட்சையில் பாஸ்பேட் என்றுதான் வரும் அம்மா. 'இரும்புப் பாஸ்பேட் செராமிக்' என்று தலைப்பு, அடியில் சிறிய எழுத்தில் 'பிணைகல்'. மூவர் சரி என்றுவிட்டார்கள், அச்சுக்கு அனுப்புகிறேன்.

முனிர்கா: அனுப்புங்கள். வார்ப்பதுதான் என்றால் 'வார்கல்' இருக்கிறதே, அதை யாரும் பார்க்கவே இல்லை.