புதுப்பிப்பு: 11 வேக ஹப்பில் 9 வேக கேசட் ஆடிய பிரச்சினை தீர்ந்தது

என் சைக்கிளுக்குப் புதிதாகக் கட்டிய பின்சக்கரத்தின் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) 11 வேகத்துக்கு, அதாவது 11 கியருக்கு உரியது. அதில் 9 வேக கேசட்டை (பின்பக்கப் பற்சக்கரத் தொகுதி) மாட்டி, அதைப் பிடித்து வைக்கும் லாக்ரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் கேசட் ஆடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஈப்போ அண்ணன் சொன்னதுதான் சரி. ஷிமானோவின் 11 வேக ரோடு சைக்கிள் ஃப்ரீஹப் (ஹப்பில் கேசட் ஏறும் உருளை) பழையதைவிட 1.85 மி.மீ. நீளம். அதே தடிமனில் ஒரு ஸ்பேசரை (இடைவெளியை நிரப்பும் வளையம்) முதலில் போட்டு, அதன் மேல் கேசட்டை ஏற்றி இறுக்கினேன், ஆட்டம் நின்றது. பல 10 வேக ரோடு கேசட்டுகளுக்கு இதோடு 1 மி.மீ. ஸ்பேசரும் வேண்டும்.

நான் எதிர்பார்க்காதது ஸ்போக் விஷயம். இடப்பக்கக் கம்பிகள் கொஞ்சம் தளர்வாகவே இருந்தன. கேசட்டுக்கு இடம் விட வலப்பக்க ஃபிளேஞ்ச் (ஹப்பில் கம்பிகள் மாட்டும் விளிம்பு) நடுவை ஒட்டி இருப்பதால், இழுவிசை அந்தப் பக்கம்தான் கூடுதல். ரிம் நடுவில் நின்றால் போதும், இரண்டு பக்கத்தையும் சமமாக்கப் போகாதீர்கள்.

அப்புறம், பினாங்கில் துன் சார்டோன் மேடு ஏறி பாலிக் புலாவ் போய் வந்தாயிற்று. சத்தமே இல்லை.