மறு: ‘பார்ஷியல் பேனல்’ பறத்தலுக்கு எஞ்சுகருவிப் பறத்தல்?

அனைவருக்கும் வணக்கம். விமானக் கருவிகளில் சில பழுதானபின் மீதியை வைத்துப் பறப்பதை ஆங்கிலத்தில் ‘பார்ஷியல் பேனல்’ என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடி இங்கே வந்த முன்மொழிவுகளுக்கு என் பதில் இது.

> குருட்டுப் பறத்தல் என்றே வைத்துக்கொள்ளலாம். கருவி போனால் விமானிக்குக் கண் போன மாதிரிதானே.

இது வேண்டாம் ஐயா. அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்டது. 1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க்கின் மிச்செல் விமானக் களத்தில் அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில் தன் இருக்கையைத் துணியால் மூடிக்கொண்டு, வெளியே எதையும் பார்க்காமல் விமானத்தை ஏற்றி, சுற்றி, இறக்கினார். அதுதான் குருட்டுப் பறத்தல். அவருக்கு வெளிக்காட்சி இல்லை, கருவிகள் இருந்தன. நாம் பெயர் தேடுவது அந்தக் கருவிகளிலேயே சில போய்விட்ட நிலைக்கு.

> பகுதிப் பலகைப் பறத்தல்

சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் படிப்பவருக்குப் பலகைதான் உடைந்துவிட்டதோ என்று தோன்றும். ‘குறைகருவிப் பறத்தல்’ என்று வைத்தாலோ, பழுதான கருவியையே குறிப்பது போல இருக்கிறது.

பழைய செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் விமானிக்கு எதிரே ஆறு வட்டக் கருவிகள். அவை தனித்தனியாகச் சாவதில்லை, எதனால் இயங்குகின்றனவோ அதோடு சேர்ந்து சாகும். காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்ப் நின்றால், விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானமும் ஜைரோ திசைகாட்டியும் போகும். இரண்டுக்குள்ளும் ஓடுவது ஜைரோ என்ற சுழல் சக்கரம். திருப்பங்காட்டி பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடுவதால் பிழைத்துக்கொள்ளும். இறக்கை சமமாக இருக்கிறதா என்பதை அது சொல்லும். மூக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை உயரமானியும் வேகமானியும் காட்டிக்கொடுக்கும். திசைக்குக் காந்த ஊசி இருக்கிறது. விமானி வீடு திரும்புவது மிச்சமிருக்கும் இவற்றை வைத்துத்தான். அதனால் சொல்லும் மிச்சத்தைத்தான் சொல்ல வேண்டும். என் முன்மொழிவு: எஞ்சுகருவிப் பறத்தல். ஊறுகாய் போல வினைத்தொகை, முக்காலத்துக்கும் கெடாது.

இன்னொன்றுக்கும் சொல் வேண்டும், அதை யாரும் தொடவில்லை. ‘செயலிழப்பு’ என்று எழுதினால் முள் சட்டென்று நின்றுவிடும் என்று வாசகர் நினைப்பார். பம்ப் நின்றதும் ஜைரோ உடனே நிற்காது. அதன் சுழற்சி வேகம் குறையக் குறைய, அடிவானக் கோடு மெல்லச் சாயும். மேகத்துக்குள் இருப்பவர் அதை நம்பித் திருத்தினால், நேராகப் போன விமானத்தைத் தானே சாய்க்கிறார். அதனால்தான் பொய் சொல்லும் கருவியை முதலில் மூடு என்று பயிற்சியில் சொல்கிறார்கள். ஒட்டுத்தாளோ ரப்பர் மூடியோ, எது கையில் கிடைக்கிறதோ அது போதும்.

எதிர்க்காற்றை வாங்கி வேகமானிக்குத் தரும் பிட்டோ குழாய் இதைவிடக் கள்ளத்தனமானது. முன்துளை மட்டும் அடைத்தால் வேகமானி பூஜ்யத்துக்கு இறங்கும், தெரிந்துவிடும். நீர் வடியும் துளையும் சேர்ந்து அடைத்தால் வேகமானி உயரமானி போல நடக்கும். மேலே ஏறினால் வேகம் கூடுவதாகக் காட்டும். அதைக் குறைக்க விமானி மூக்கை இன்னும் தூக்குவார், உண்மை வேகம் இன்னும் குறையும். 1996-இல் டொமினிகன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவில் கிளம்பிய பிர்கன்ஏர் நிறுவனத்தின் போயிங் 757-இல் தலைமை விமானியின் வேகமானி இப்படித்தான் ஏமாற்றியது. 189 பேரும் இறந்தார்கள். அது பெரிய ஜெட், ஆனால் அடைபட்ட குழாய்க்குச் சிறியது பெரியது கிடையாது. கருவி நிற்காமல் இப்படித் தவறாகக் காட்டுவதற்குப் பொய்க்காட்டல் என்பது சரியாக வருமா?

வேகமானியே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். எஞ்சினின் சுழற்சி எண்ணையும் மூக்கின் நிலையையும் பழக்கமான அளவில் வைத்தால், வேகம் தானாகப் பழக்கமான இடத்தில் வந்து நிற்கும். 172-இல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2300 சுழற்சியில் மட்டமாகப் பறந்தால் சுமார் 100 நாட் (மணிக்கு 100 கடல்மைல்). வெளிக்காற்றின் அழுத்தத்தை உயரமானிக்கும் வேகமானிக்கும் தரும் நிலையழுத்தத் துளை அடைத்தால் பல விமானங்களில் அறைக்குள்ளிருந்து காற்றெடுக்கும் மாற்றுத் திறப்பு உண்டு. அப்போது உயரமானி சற்றுக் கூடுதலாகக் காட்டும்.

அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியமாக இதைப் போடலாம்: “செயற்கை அடிவானத்தில் பொய்க்காட்டல் தெரிந்ததும் அதை மூடிவிட்டு எஞ்சுகருவிப் பறத்தலுக்கு மாறவும்.”

திரைகள் வைத்த புது விமானங்களுக்கும் இது ஒத்துவருகிறது. ஜி1000 என்ற திரைக்கருவித் தொகுப்பைப் பொருத்திய 172-இல் ஒரு திரை அணைந்தால் தகவல் அடுத்த திரைக்கு மாறும். இரண்டும் போனாலும் சின்ன வேகமானி, உயரமானி, அடிவானம், காந்த ஊசி மிஞ்சும்.

பறத்தலா பறப்பா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ‘எஞ்சு’ மட்டும் விட்டுப்போகக் கூடாது.