மறைகுறிப்பா, செருகுரையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

குறிப்பெழுதும் செயலியான அப்சிடியனில், கேள்வி-பதில் அட்டைகளை நாள் இடைவெளி விட்டு மறுபடி காட்டும் ஸ்பேஸ்டு ரெபிடிஷன் என்ற செருகுநிரலுக்குத் (பிளகின்) தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓர் அட்டையைப் படித்து முடித்ததும், அது அடுத்து வரவேண்டிய தேதி, நாள் இடைவெளி, எவ்வளவு எளிது என்ற மதிப்பெண் மூன்றையும் செருகுநிரல் நம் குறிப்புக்குள்ளேயே எச்டிஎம்எல் கமென்ட்டாக எழுதிவைக்கிறது. படிக்கும் பார்வையில் இது தெரியாது. திருத்தும்போதுதான் அட்டைக்கு அட்டை தேதியும் எண்ணுமாகக் கண்ணை உறுத்தும். தோற்றத்தை மாற்றும் சிறிய சிஎஸ்எஸ் துணுக்கு ஒன்றை எழுதி ஸ்னிப்பெட்ஸ் கோப்புறையில் போட்டு, அமைப்புகளில் இயக்கிவிட்டால், இதை முழுக்க மறைக்கலாம், மங்கலாக்கலாம், அல்லது கர்சர் அந்த வரிக்கு வரும்போது மட்டும் காட்டலாம்.

பெயரில்தான் மாட்டிக்கொண்டேன். கமென்ட்டைக் 'குறிப்பு' என்றால், நோட்டும் குறிப்புதான். "குறிப்பிலுள்ள குறிப்பை மறை" என்று எழுதிவிட்டு நானே சிரித்தேன். 'கருத்து' என்று போடவும் மனம் வரவில்லை. நிரலுக்கு ஏது கருத்து? இப்போதைக்கு 'மறைகுறிப்பு' என்று வைத்திருக்கிறேன். சரிதானா?

---

> இப்போதைக்கு 'மறைகுறிப்பு' என்று வைத்திருக்கிறேன்.

வேண்டாமே. என்கிரிப்ஷனுக்கு 'மறைகுறியாக்கம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. பார்ப்பவர் கடவுச்சொல் கேட்கும் என்று நினைப்பார். 'மறையுரை' என்று யாராவது சொல்வதற்குள் அதையும் தள்ளிவிடுகிறேன்: அது ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் குருவானவர் ஆற்றுவது. "மறையுரையை மறை" என்று மெனுவில் இருந்தால் எங்கள் பங்குத்தந்தை என்னைச் சும்மா விடமாட்டார்.

மறைப்பைப் பெயரிலேயே ஏற்றுவானேன்? மங்கலாக்கி வைத்தால் அது மறைகுறிப்பு இல்லையா? நாம் எழுதாத வரி நம் குறிப்புக்குள் இருக்கிறது, அதுதானே விஷயம். ஏட்டில் பிற்காலத்தார் நுழைத்த பாடலை 'இடைச்செருகல்' என்போம். அப்படியே எடுத்துக்கொண்டால் திருட்டுத்தனம் செய்ததுபோல் ஒரு வாடை வரும். ஆனால் பிளகினைச் செருகுநிரல் என்கிறோமே, அது செருகுவது 'செருகுரை'. யார் வேலை என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

தேர்வுகளுக்கு 'மறை', 'மங்கலாக்கு', 'தொட்டால் காட்டு' போதும். கடைசியது தொட்டாற்சிணுங்கிக்கு நேரெதிர். 'நீக்கு' என்ற சொல் மட்டும் இந்தப் பக்கத்தில் எங்கும் வரவேண்டாம். முழுக்க மறைத்திருக்கும்போது தெரியாமல் பேக்ஸ்பேஸ் அடித்து அந்த வரியை அழித்தால் அட்டையின் நாள்கணக்கு போச்சு; புது அட்டைபோல மறுபடி முதலிலிருந்து வரும்.

---

செருகுரை பிடித்திருக்கிறது. டெக்ஸ்ட்டையும் உரை என்கிறோமே என்று சற்றுத் தயங்கினேன். இதுவும் டெக்ஸ்ட்தானே, இருந்துவிட்டுப் போகட்டும். 'தொட்டால் காட்டு' என்பதை மட்டும் மாற்றிவிட்டேன். கைப்பேசியில் வைத்திருப்பவர் திரையைத் தட்டிக்கொண்டே இருப்பார். 'சுட்டி வந்தால்' என்றால் மவுசை நினைப்பார்கள். ஆகவே 'கர்சர் வந்தால் காட்டு'. அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: "செருகுரை கண்ணுக்குத்தான் தெரியாது, கோப்பில் அப்படியே இருக்கும்."