கையெழுத்து ஆச்சியோடதுதான், பத்திரம் செல்லுமா?

கல்லிடைப் பேரன்:

கல்லிடைக்குறிச்சி பக்கம், கன்னடியன் கால் பாசனத்துல எங்க ஆச்சி பேர்ல 40 சென்ட் நஞ்சை. ரெண்டு வருஷம் நாலு மாசம் முன்ன தாத்தா பாளையங்கோட்டையில ஒரு ஆஸ்பத்திரியில கெடந்தாவ. ஆபரேஷனுக்கு 2 லட்சம் வேணும். ஊர்ல வட்டிக்குக் குடுக்கிற ஒருத்தருக்கு ஏற்கெனவே 60,000 பாக்கி. அவரே வந்து, "அத்தே, ஈடா ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்"னு ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து தன் கார்லயே ஆச்சியைக் கூட்டிட்டுப் போயிருக்காரு. ஆச்சி கண்ணாடி தாத்தா கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல்ல இருந்துச்சாம். சார்பதிவாளர் "சம்மதம்தானாம்மா?"ன்னு கேக்க, "ஆமாய்யா"ன்னுருக்காவ. வர்ற வழியில காப்பி வாங்கிக் குடுத்தாராம். பெருவிரல் மை டம்ளர்ல ஒட்டிருச்சேன்னு வெக்கப்பட்டதைத்தான் ஆச்சி இன்னும் சொல்லிட்டிருக்காவ.

இப்ப பிசானத்துக்குப் பயிர்க்கடன் கேக்கலாம்னு வில்லங்கம் போட்டா, நிலம் 3 லட்சத்துக்கு அவர் பேர்ல கிரயம்! அங்கன சென்ட் 30,000-க்குக் குறையாது. வங்கியில வந்தது 2 லட்சம்தான். வயலை இப்பவும் ஆச்சிதான் குத்தகைக்கு விட்டு நெல் வாங்குதாவ. கையெழுத்தும் உண்மை, ரேகையும் உண்மை. அப்ப முடிஞ்சுதா?

நதியுண்ணிக்காரன்:

முடிஞ்சுதுதான் தம்பி. எங்க சித்தப்பா இதே மாதிரி கேஸ் போட்டு ஒம்போது வருஷம் அலைஞ்சு தோத்தாவ. குறைஞ்ச விலைக்கு வித்தேன்னு சொன்னா எந்தக் கோர்ட்டும் கேக்காது.

பழைய குமாஸ்தா:

34 வருஷம் வக்கீல் ஆபீஸ்ல கட்டு தூக்கினவன் சொல்லுதேன். நதியுண்ணிக்காரர் சொன்னதுல பாதி சரி. 1872 ஒப்பந்தச் சட்டம் 25-வது பிரிவுல ஒரு குதிரைக் கதை உண்டு: 1000 ரூவா குதிரையை ஒருத்தன் மனசார 10 ரூவாய்க்கு வித்தா அது செல்லும். "மனசார"ங்கிறதுதான் விஷயம். விலை ரொம்பக் குறைச்சல்னா, சம்மதம் மனசாரக் குடுத்ததுதானான்னு பாக்க அதையும் கணக்குல எடுக்கலாம்னு அதே பிரிவு சொல்லுது.

நீங்க பிடிக்க வேண்டியது 16-வது பிரிவு, தகாத செல்வாக்கு. வயசு, நோய், மன உளைச்சல் இதுகளால புத்தி தடுமாறி நிக்கிறவர்ட்ட, அவரை ஆட்டிவைக்கிற நிலையில இருக்கிறவன் அதை வச்சு அநியாய லாபம் எடுத்தா, அந்த ஒப்பந்தத்தை ரத்து பண்ணக் கேக்கலாம். அதுல ஒரு உதாரணம் ஆச்சிக்குன்னே எழுதுன மாதிரி இருக்கும்: தன் கிராமத்து வட்டிக்காரனுக்கு ஏற்கெனவே கடன்பட்டவன், மனசாட்சிக்கு ஒவ்வாத நிபந்தனையில புதுசா ஒரு கடன் வாங்குதான். அப்ப நான் அழுத்தம் குடுக்கலன்னு வட்டிக்காரன்தான் நிரூபிக்கணும்.

ஆனா அவர் கை ஓங்கியிருந்துச்சு, பேரம் பாத்தாலே அநியாயம், இந்த ரெண்டையும் நீங்க முதல்ல காட்டணும். அப்பதான் நிரூபிக்கிற பாரம் அந்தப் பக்கம் போகும். பணமுடை மட்டும் பத்தாது. ஊர் முழுக்கப் பணத்தட்டுப்பாடா இருக்கையில பேங்க்காரன் அதிக வட்டி கேட்டா அது வெறும் வியாபாரம்னு அதே பிரிவுல இன்னொரு உதாரணம் கெடக்கு.

மெல்போர்ன் வீரவநல்லூரான்:

இங்க ஆஸ்திரேலியாவுல இதைப் பத்திப் பேசுனா எல்லாரும் 1983 அமாடியோ வழக்கைச் சொல்லுவாங்க. அடிலெய்டுல இத்தாலிக்காரத் தாத்தாவுக்கு 76, பாட்டிக்கு 71. இங்கிலீஷ் சரியாப் படிக்க வராது. மகன் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் வாங்க பேங்க் மேனேஜர் வீட்டுக்கே போயிருக்காரு, அடுக்களையில வச்சுக் கையெழுத்து. 50,000 டாலர், ஆறு மாசம்னு அவங்க நெனச்சுக்கிட்டாங்க. எழுதுனதுல வரம்பே கிடையாது. கம்பெனி மூழ்குறது பேங்குக்குத் தெரியும். உயர் நீதிமன்றம் மொத்தமா ரத்து பண்ணிருச்சு. இந்தத் தீர்ப்பு உங்க கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனா கையெழுத்து உண்மைன்னு ஒத்துக்கிட்டேதான் அவங்களும் ஜெயிச்சாங்க.

கல்லிடைப் பேரன்:

உசுரு வந்துச்சு அண்ணாச்சி. போலீஸ்ல எழுதிக் குடுத்தா போதுமா?

பழைய குமாஸ்தா:

கந்துவட்டிக்குத் தனியா 2003 தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கு. அநியாய வட்டின்னா புகார் குடுங்க. ஆனா பத்திரத்தை ரத்து பண்றது சிவில் கோர்ட்தான். கெடு மூணு வருஷம், விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து. அதை நம்பி இருந்துராதீங்க. "கையெழுத்துப் போட்டவளுக்கு அன்னைக்கே தெரியும்"னு எதிர்வக்கீல் நிப்பாரு. பத்திரத் தேதியிலேருந்தே எண்ணுங்க, எட்டு மாசம் இருக்கு.

நதியுண்ணிக்காரர் சித்தப்பா கேஸை நான் பாக்கல. இந்த மாதிரி கேஸ் பெரும்பாலும் படுக்கிறது பிராதுலதான், அதாவது கோர்ட்ல குடுக்கிற வழக்கு மனுவுல. "வஞ்சகமா ஏமாத்தி வாங்கிட்டாரு"ன்னு ஒரே வரி எழுதுனா சிவில் நடைமுறைச் சட்டம் 6-வது கட்டளை 4-வது விதியில அடிபடும். நாள், நேரம், கார், ஜன்னல்ல விட்ட கண்ணாடி, வாசிச்சுக் காட்டாதது, எல்லாம் வரணும். காப்பியும் வரட்டும்.

வாங்குன 2 லட்சத்தையும் பழைய பாக்கியையும் நியாயமான வட்டியோட திருப்பித் தாரேன்னு பிராதுலயே எழுதுங்க. ஒப்பந்தச் சட்டம் 19ஏ பிரிவு உதாரணத்துல, விவசாயிக்கு 100 குடுத்து 200-க்குப் பத்திரம் வாங்குனவன் கதை வரும். பத்திரத்தை ரத்து பண்ணிட்டு, 100-ஐ நியாயமான வட்டியோட திருப்பிக் குடுன்னு கோர்ட் சொல்லலாம். சும்மா நிலம் வராது. குத்தகைக்காரரைச் சாட்சியாப் போடுங்க, வித்தவ எப்படி நெல் வாங்குவா? அவர் வேற ஆளுக்கு மாத்தாம இருக்கத் தடையும் கேளுங்க. பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்குக் கூப்பிடுங்க.

கல்லிடைப் பேரன்:

இன்னைக்கு டிரங்குப் பெட்டியைக் குடைஞ்சு தாத்தா டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்தேன். ஆபரேஷனுக்கு மொத நாளு பத்திரத் தேதி.

பழைய குமாஸ்தா:

நல்லதாப் போச்சு. வக்கீல்ட்ட இப்ப ஜெராக்ஸ் குடுங்க, ஒரிஜினல் ஆச்சி பெட்டியிலயே இருக்கட்டும். அந்தக் காலத்துல நானே ரெண்டைத் தொலைச்சிருக்கேன்.