கன்சல்டிங் வேலைக்கு ஐ.எஸ்.பி.யா, ஐ.ஐ.எம். கல்கத்தாவா?

வணக்கம். ஐந்து வருட ஐ.டி. அனுபவத்தோடு மெக்கின்ஸி, பி.சி.ஜி., பெய்ன் போன்ற மேலாண்மை ஆலோசனை (கன்சல்டிங்) நிறுவனங்கள் பக்கம் போக, ஐ.எஸ்.பி. (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்), ஐ.ஐ.எம். கல்கத்தா என்ற இரண்டு மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் எது சரியான வழி?

ஐ.எஸ்.பி. படிப்பு ஒரே வருடம் என்பதால் சம்பள இழப்பு குறைவு. ஆனால் கோடை இன்டர்ன்ஷிப் கிடையாது. சேர்ந்த சில மாதங்களிலேயே கேஸ் இன்டர்வியூவுக்கு (ஒரு வணிகச் சிக்கலைக் கொடுத்துத் தீர்வு கேட்கும் நேர்காணல்) தயாராகிவிட வேண்டும். கல்கத்தாவின் இரண்டு வருடப் படிப்பில் இன்டர்ன்ஷிப் மூலமே வேலை உறுதியாகலாம். எனக்கு அது பெரிய பலமாகத் தெரிகிறது.

பிளேஸ்மென்ட் அறிக்கையில் 'கன்சல்டிங்' என்ற ஒரே தலைப்பில் ஐ.டி. ஆலோசனை வேலைகளும் சேர்ந்துவிடுகின்றன. பழைய நிறுவனத்துக்கே திரும்புகிறவர்களும் அந்தக் கணக்கில் வரலாம். ஆகவே சீனியர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: இவர்களைக் கழித்தால் புதிதாக உள்ளே போனவர்கள் எத்தனை பேர்? நேர்காணலுக்கு அழைக்க நிறுவனங்கள் போடும் ஷார்ட்லிஸ்டில் பள்ளி மதிப்பெண் எவ்வளவு தூரம் பார்க்கப்பட்டது? முன் அனுபவத்துக்கு ஏற்ற பதவி கிடைத்ததா?