மூன்று வாரம் என்றேன், ஒன்பது வாரம் ஆனது

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
வணக்கம். நாங்கள் ஆறு பேர் உள்ள சின்ன கம்பெனி. ஒரு மளிகை மொத்த வியாபாரியின் பில்லிங் சிஸ்டத்தை மைஇன்வாய்ஸோடு (மலேசிய வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் தளம்) இணைக்கும் வேலை வந்தது. ஆண்டுக்கு 8 மில்லியன் ரிங்கிட் வியாபாரம், அதனால் 2025 ஜூலை 1 முதல் அவருக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். மார்ச் தொடக்கத்தில் பாஸ், "எத்தனை நாள்லா?" என்றார். அந்தத் தளத்தோடு இணைப்பது எப்படி என்று சொல்லும் ஏபிஐ பக்கங்களைப் புரட்டிவிட்டு மூன்று வாரம் என்றேன். மே மாதம்தான் முடிந்தது.

கோட் எழுதியது 16 நாள்தான். மீதியெல்லாம் எக்செல். அந்த வியாபாரியிடம் 1,400 வாடிக்கையாளர், பாதிப் பேருக்கு டின் நம்பரே (வரி அடையாள எண்) இல்லை. இருந்ததிலும் பலது ஐசி (அடையாள அட்டை) நம்பர். கணக்கெழுதும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கடையாக போன் போட்டேன். அப்புறம்தான் உறைத்தது: சரிபார்த்த இன்வாய்ஸை 72 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம், தாண்டினால் தொகையைக் கழிக்கும் கிரெடிட் நோட் தனியாகப் போடணும். அவருக்கோ சரக்கு திரும்பி வருவதே பத்து நாள் கழித்து! கிரெடிட் நோட் போடும் ஸ்கிரீன் என் கணக்கிலேயே இல்லை. நோன்புப் பெருநாளுக்கு ஒரு வாரம் கடை மூடல் வேறு.

அடுத்த வாரம் இன்னொரு கடைக்கு நாள் கணக்கு கொடுக்கணும். பேசாமல் மூன்றால் பெருக்கிவிடவா?

பாயான்லெப்பாஸ்_அக்கா:
பெருக்காதீங்க தம்பி. பாஸ் கண்டுபிடிச்ச அன்னைக்கே மூணால வகுத்துடுவார்.

வேலையைத் துண்டு துண்டா உடைச்சு, ஒவ்வொண்ணுக்கும் மூணு எண் எழுதுங்க: நல்லா போனா, வழக்கமா, மோசமா. 4, 6, 20 நாள்னு வைங்க. நடு எண்ணை நாலால பெருக்கி, மத்த ரெண்டையும் கூட்டி, ஆறால வகுத்தா 8. பெர்ட்னு பேரு, 1958-ல அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காகப் போட்ட கணக்கு. ஆனா 8 முக்கியமில்ல. "ஏன் 20?"ன்னு யாராவது கேக்கணும். அப்பத்தான் டின் நம்பர் கதையெல்லாம் வெளிய வரும்.

இன்னொண்ணு, விலை சொல்றதுக்கு முன்னாடி 50 வாடிக்கையாளர் விவரம் அனுப்பச் சொல்லுங்க.

கிள்ளான்காரன்:
எல்லாம் சரிக்கா. எங்க சேல்ஸ் ஆளு மாமாக் கடையில தே தாரிக் குடிச்சுக்கிட்டே தேதி கொடுத்துட்டு வந்துடுறாரு. அப்புறம்தான் எங்ககிட்ட எத்தனை நாள்னு கேக்குறாங்க.

பாயான்லெப்பாஸ்_அக்கா:
தேதி கிடக்கட்டும். அந்தத் தேதிக்கு எது கண்டிப்பா வேணும், எது அடுத்த மாசம் போதும்னு அந்த ஆளையே கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு வரச் சொல்லுங்க.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
அக்கா, அந்த 50 இன்னிக்கு வந்துச்சு. 31 பேருக்கு டின் இல்லை. "வாடிக்கையாளர் விவரம் சரிபார்த்தல்: 4, 8, 24"னு தனி வரியா போட்டேன், 10 நாள் வந்தது. பாஸ் ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இதை அவங்க கிராணியே (கிளார்க்) செஞ்சா எவ்வளவு குறையும்?"னு கேட்டார்.