வேரியாடிக் கன்ஸ்ட்ரக்டர் உள்ள கிளாஸை நகலெடுக்க முடியவில்லை, அவசரம்

நள்ளிரவு_பில்ட்:
வணக்கம். சி++-இல் ஒரு ராப்பர் கிளாஸ் (இன்னொரு ஆப்ஜெக்டை உள்ளே பொதிந்து வைப்பது) எழுதியிருக்கிறேன். டெம்ப்ளேட் கிளாஸ் (எந்த வகைக்கும் பொருந்தும் அச்சு), உள்ளே டி வகையில் ஒரு மெம்பர், கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும் ஃபங்ஷன்) வேரியாடிக், அதாவது எத்தனை ஆர்க்யூமென்ட் வேண்டுமானாலும் வாங்கும், வருவதையெல்லாம் அப்படியே மெம்பருக்கு ஃபார்வர்ட் செய்துவிடும். நேற்று வரை ஒழுங்காக ஓடியது. இன்று ஒரு இடத்தில் நகல் எடுத்தேன், பக்கம் பக்கமாக எரர் கொட்டுகிறது. நாளை காலை டெமோ. ஆபீஸ் கோட், இங்கே ஒட்ட முடியாது. யாராவது சொல்லுங்கள் ப்ளீஸ்.

லிங்கர்_லிங்கம்:
டெஃபினிஷனை சிபிபி ஃபைலில் வைத்திருப்பீர்கள். டெம்ப்ளேட் என்றால் ஹெடரில்தான் இருக்க வேண்டும். இந்த மாதிரி கேள்வி வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

குறைகுடம்:
அது லிங்கர் எரராக, அதாவது கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும்போது வரும், இவர் கம்பைலர் எரரையா சொல்கிறார் என்பதே இன்னும் தெரியவில்லை. ப்ரோ, எரரின் முதல் வரி என்ன? எந்த கம்பைலர், எந்த ஸ்டாண்டர்ட்? நகலெடுக்கும் வரி எப்படி இருக்கிறது, மூல ஆப்ஜெக்ட் கான்ஸ்டா (மாற்ற முடியாததா) இல்லையா? ஆபீஸ் கோட் வேண்டாம், டி-யை ஸ்ட்ரிங் என்று வைத்துச் சின்னதாக எழுதிப் பாருங்கள்.

நள்ளிரவு_பில்ட்:
ஹெடரில்தான் இருக்கிறது. ஜிசிசி, சி++17. டி இப்போதைக்கு ஸ்ட்ரிங்தான். வரி வெறும் "ஆட்டோ பி = ஏ". கான்ஸ்ட் எதுவும் போடவில்லை. ஆனால் எரர் அந்த வரியைக் காட்டவே இல்லை, கன்ஸ்ட்ரக்டருக்குள் மெம்பரை இனிஷியலைஸ் செய்யும் இடத்தைக் காட்டி, ஸ்ட்ரிங்குக்குப் பொருந்தும் கன்ஸ்ட்ரக்டர் இல்லை என்கிறது. இன்னொரு கூத்து, ஏ-வை கான்ஸ்ட் ரெஃபரன்ஸாக வாங்கும் ஃபங்ஷனுக்குள் இதே நகலை எடுத்தால் ஓடுகிறது. வெக்டரில் புஷ்_பேக் செய்தாலும் ஓடுகிறது, கொடுத்ததை அப்படியே கன்ஸ்ட்ரக்டருக்கு அனுப்பும் எம்ப்ளேஸ்_பேக் செய்தால் ஓடவில்லை.

மூத்தசுட்டி:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு பதிலோடு முடிந்திருக்கும். ஓவர்லோடு ரெசல்யூஷனை (பல ஃபங்ஷன்களில் எதை அழைப்பது என்று கம்பைலர் தேர்ந்தெடுக்கும் விதி) படிக்காமல் ஃபார்வர்டிங்கில் கை வைத்தால் இப்படித்தான் ஆகும், வருடத்துக்கு நாலு பேர் இதையே கேட்கிறார்கள். கம்பைலர் தானாகத் தரும் காப்பி கன்ஸ்ட்ரக்டர் கான்ஸ்ட் ரெஃபரன்ஸ் கேட்கும். உங்கள் ஏ கான்ஸ்ட் இல்லை, அதற்கு ஒரு கான்ஸ்டைச் சேர்த்தாக வேண்டும். உங்கள் வேரியாடிக் கன்ஸ்ட்ரக்டரோ ஆர்க்ஸை (ஆர்க்யூமென்ட் வகைகளை) "ராப்பர் ரெஃபரன்ஸ்" என்று டிடியூஸ் செய்து, அதாவது தானே கணித்து, அச்சு அசலாகப் பொருந்திவிடுகிறது. அதனால் அதுதான் ஜெயிக்கும். அப்புறம் ஒரு ராப்பரை எடுத்துக் கொண்டுபோய் ஸ்ட்ரிங்கின் கையில் கொடுக்கும், அது திருதிருவென முழிக்கும். கான்ஸ்டாக வந்தால் இரண்டும் சமம், சமம் என்றால் டெம்ப்ளேட் அல்லாததற்கே முன்னுரிமை. புஷ்_பேக் ஓடுவது அதனால்தான்.

லிங்கர்_லிங்கம்:
அப்படியானால் கன்ஸ்ட்ரக்டருக்கு எக்ஸ்ப்ளிசிட் (தானாக வகை மாற்ற இதைப் பயன்படுத்தாதே என்ற குறிச்சொல்) போட்டால் போதுமே.

நள்ளிரவு_பில்ட்:
போட்டேன், ஓடுகிறது! நன்றி லிங்கம் அண்ணா!

குறைகுடம்:
அவசரப்படாதீர்கள். சமக்குறி போட்டு நகலெடுக்கும்போது எக்ஸ்ப்ளிசிட் கன்ஸ்ட்ரக்டர்கள் போட்டிக்கே வராது, அதனால் தப்பித்தீர்கள். அதையே அடைப்புக்குறிக்குள் "பி(ஏ)" என்று எழுதிப் பாருங்கள், பழைய எரரே வரும். எம்ப்ளேஸ்_பேக்கும் அப்படித்தான். லாம்ப்டாவில் (பெயரில்லாத ஃபங்ஷன்) ஏ-வை மதிப்பாக கேப்சர் செய்தாலும் அடி விழும், அதுவும் அடைப்புக்குறி போட்டது போன்ற நேரடி இனிஷியலைசேஷன். எக்ஸ்ப்ளிசிட் இருப்பது நல்லதுதான், ஆனால் இந்த நோய்க்கு அது மருந்து இல்லை.

மூத்தசுட்டி:
சரியான வழி எனேபிள்_இஃப், நிபந்தனை பொருந்தினால் மட்டும் டெம்ப்ளேட்டை அனுமதிப்பது. ஒரே ஆர்க்யூமென்ட் வந்து, அதை டிகே செய்தால் (ரெஃபரன்ஸையும் கான்ஸ்டையும் உரித்தால்) ராப்பரே கிடைக்கிறது என்றால் டெம்ப்ளேட்டை விலக்கிவிடுங்கள். இரண்டு வகையும் ஒன்றா என்று பார்க்கும் இஸ்_சேம் போதும். சி++20 என்றால் ரிக்வயர்ஸ் என்று ஒரே வரி.

குறைகுடம்:
இஸ்_சேம் போதாது சார். ராப்பரிலிருந்து ஒரு கிளாஸ் டிரைவ் ஆகி (அதை அடிப்படையாக, அதாவது பேஸாகக் கொண்டு உருவாகி), அதன் காப்பி கன்ஸ்ட்ரக்டரை நீங்களே எழுதினால், அது பேஸுக்கு அனுப்புவது டிரைவ்டு ஆப்ஜெக்டை. அது ராப்பர் வகை இல்லையே, டெம்ப்ளேட் மறுபடி புகுந்துவிடும், இந்த முறை கான்ஸ்ட் இருந்தாலும் சரி. ராப்பரோ அதிலிருந்து வந்ததோ என்று பார்க்கும் இஸ்_பேஸ்_ஆஃப் வேண்டும். இஸ்_கன்ஸ்ட்ரக்டிபிள் போட்டு டி-யைக் கட்ட முடிந்தால் மட்டும் அனுமதிக்கலாம், ஸ்ட்ரிங்குக்கு அது சரியாக வரும், ஆனால் டி இடத்தில் ஸ்டட் எனி மாதிரி எதை வேண்டுமானாலும் விழுங்கும் வகை வந்தால் மறுபடி சிக்கல். என்னைக் கேட்டால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம். முதல் ஆர்க்யூமென்டாக ஸ்டட் இன்_பிளேஸ் என்ற டேகை (எந்தக் கன்ஸ்ட்ரக்டர் என்று காட்டும் வெறும் அடையாளம்) வாங்குங்கள். சி++17-இல் ஆப்ஷனல், எனி, வேரியன்ட் எல்லாம் இன்_பிளேஸ் டேக் வைத்திருப்பது சும்மா இல்லை.

மூத்தசுட்டி:
டிரைவ் செய்யப்போகிறார் என்று யார் சொன்னது? கிளாஸை ஃபைனல் ஆக்கினால் தீர்ந்தது.

பழங்கஞ்சி:
இதற்கெல்லாம் எதற்கு வேரியாடிக்? சி++11-க்கு முன்னால் மேக்ரோ வைத்து ஒன்று, இரண்டு, மூன்று ஆர்க்யூமென்ட் என்று தனித்தனி ஓவர்லோடு உருவாக்கினோம். அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் எரர் வந்தால் படித்தாவது புரியும். இப்போது ரிகர்ஷனில் (தன்னையே மறுபடி மறுபடி அழைப்பது) தலையைப் பிரித்து வாலைப் பிரித்து, கம்பைல் ஆவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

மடிப்புப்பிரியன்:
ரிகர்ஷனா? எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்? 2017-லிருந்து ஃபோல்டு எக்ஸ்பிரஷன் (எல்லா ஆர்க்யூமென்டையும் ஒரே வரியில் விரிப்பது) இருக்கிறது, ஒரு கமா, மூன்று புள்ளி, வேலை முடிந்தது.

பழங்கஞ்சி:
முந்நூறு ஆர்க்யூமென்ட் கொடுத்து கிளாங்கில் உங்கள் ஃபோல்டை ஓட்டிப் பாருங்கள். இயல்பு வரம்பு 256, அதைத் தாண்டினால் நெஸ்டிங் அதிகம் என்று நின்றுவிடும்.

மடிப்புப்பிரியன்:
முந்நூறு ஆர்க்யூமென்ட் கொடுப்பவருக்குத் தேவை வேறு வைத்தியம். ரிகர்ஷனுக்கும்தான் வரம்பு இருக்கிறது, ஜிசிசியில் 900. இரண்டையும் ஃபிளாக் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம்.

குறைகுடம்:
இரண்டு பேரும் தனி இழை போட்டுக்கொள்ளுங்களேன். நள்ளிரவு, என்ன ஆனது? ஜிசிசி எரரில் "ரிக்வயர்டு ஃப்ரம் ஹியர்" என்று முடியும் வரியைத் தேடுங்கள், நகலெடுத்த இடம் அங்கேதான் இருக்கும். அது எத்தனை இடத்தில் வருகிறது என்று பார்த்தால் எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும்.

நள்ளிரவு_பில்ட்:
டேக் போட்டேன், எல்லா இடத்திலும் ஓடுகிறது. டெமோவும் முடிந்தது. நன்றி.

மடிப்புப்பிரியன்:
பழங்கஞ்சி, ஃபிளாக் ஏற்றிப் பார்த்தீர்களா?

பழங்கஞ்சி:
எங்கள் பில்டில் ஃபிளாகை மாற்ற மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மேக்ரோவே போதும்.